ஓரீற்றில் எத்தனை குட்டிகள்?

வெள்ளாடு ஓரீற்றில் இரண்டு குட்டி போட்டால் குடியானவன் மகிழ்கிறான். மூன்று போட்டால் பால் போதுமோ என்று கணக்குப் பார்க்கிறான். பசு இரட்டைக் கன்று ஈன்றாலோ மகிழ்ச்சியோடு கவலையும் வந்து சேருகிறது. கால்நடை வளர்ப்போர் எல்லாருக்கும் ஈற்றின் அளவைப் பற்றி ஒரு விருப்பமும் ஒரு கணக்கும் உண்டு. நாய் வளர்ப்போருக்கும் அவ்வாறே உண்டு. ஆயினும், ஆட்டைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் எழுதுவோர் பலராக இருக்க, நாயின் ஈற்றைப் பற்றி எழுதுவாரைக் காண்பது அரிது. நாய்க்கு ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கவுங் கூடும். பட்டியில் ஆடு களவு போகாமல் இருப்பதும், நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொள்ள ஆரம்ப சுகாதார நிலையத்து வாயிலில் பிள்ளையுடன் காத்து நிற்க நேருவதும் இந்தச் சிறு கணக்கோடு தொடர்புடையவை என்பதை எண்ணிப் பார்த்தால் அந்நகைப்பு நின்றுவிடும்.

திண்டுக்கல் சமவெளியையே எடுத்துக்கொள்வோம். சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் இடையிலும், அவற்றுக்கு வடக்கே வடமதுரை, வேடசந்தூர், குஜிலியம்பாறை வரையிலும் பரந்து கிடக்கும் இந்நிலத்தில் மானாவாரிப் பயிரும் ஆட்டுப்பட்டியும் பல குடும்பங்களுக்கு வாழ்வளிக்கின்றன. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் காய்கறித் தோட்டங்கள், நிலக்கோட்டைப் பக்கத்தில் பூந்தோட்டங்கள், நத்தம் பக்கத்தில் மாந்தோப்புகள். தோட்டத்திலேயே குடியிருக்கும் குடும்பத்துக்கும் இரவில் பட்டி காக்கும் ஆட்டுக்காரருக்கும் நாய் வெறும் அலங்காரமன்று. கூலி கேளாத காவலாள்.

தென் தமிழகத்தின் பெயர்பெற்ற நாயினங்களான இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் இச்சமவெளிக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ள ஊர்களைத் தாயகமாகக் கொண்டவை. கோம்பை என்பது தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள ஓர் ஊரின் பெயரே. 1985ஆம் ஆண்டில் திண்டுக்கல்லும், 1996ஆம் ஆண்டில் தேனியும் தனி மாவட்டங்களாகப் பிரியும் வரை இச்சமவெளியும் கோம்பையும் ஒரே மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தன. ஆகவே இவ்வினங்களும் அவற்றின் கலப்புகளும் திண்டுக்கல் சமவெளிக்குப் புதியவையல்ல. 1980-81ஆம் ஆண்டில் இவ்வினங்களைக் காப்பதற்கென்றே சென்னை சைதாப்பேட்டையில் அரசு ஒரு நாயினப் பெருக்கப் பிரிவைத் தொடங்கிற்று. 2005ஆம் ஆண்டில் இராஜபாளையம் நாயின் உருவம் அஞ்சல் தலையில் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இந்நான்கு இனங்களின் பெயரையும் எடுத்துச் சொன்னபின், வெளியூர்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் குட்டி கேட்டு வருவோர் பெருகினர். கேட்போர் பெருகவே, வீட்டுக்கு ஒரு காவல் நாய் வைத்திருந்தவர்களில் சிலர் இப்பொழுது குட்டி விற்போராகவும் ஆகியிருக்கின்றனர்.

இருவகை விருப்பம்

நாய் வளர்ப்போரிடையே ஈற்றின் அளவைப் பற்றி இரண்டு விருப்பங்கள் நிலவுகின்றன. முதலாவது, பழைய விருப்பம். ஓரீற்றில் இரண்டு மூன்று குட்டிகளே போதும், அவையும் கடுவனாக இருத்தல் வேண்டும் என்பது அது. முயல் வேட்டைக்கு நாய் வளர்த்த காலத்தில் தென் மாவட்டங்களில் நல்ல குட்டி இரண்டொன்றை மட்டும் தாயிடம் விட்டு, எஞ்சியவற்றை, அவற்றிலும் பெட்டைக் குட்டிகளை, பிறந்த அன்றே ஒழித்துவிடும் வழக்கம் இருந்தது. தாயின் பால் முழுவதும் இரண்டு குட்டிகளுக்கே கிடைத்தால் அவை நெஞ்சு விரிந்து கால் நீண்டு வளரும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டுவிட்டது. வேட்டையோடு பிறந்த எண்ணம் மட்டும் இன்னும் முற்றிலும் மறையவில்லை.

இரண்டாவது, புதிய விருப்பம். குட்டி ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்று விலை வந்தபின், எட்டு வேண்டும், பத்து வேண்டும் என்னும் ஆசை எழுகிறது. ஆறு குட்டி போட்ட பெட்டையைக் குறைகூறிப் பத்துப் போட்ட பெட்டையைப் புகழ்கின்றனர். விற்பனைக்கு வளர்ப்போரிடம் இவ்விருப்பமே மிகுதி.

இவ்விருவரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர் என்பது நமது கருத்து. ஓரீற்றில் எத்தனை குட்டி பிறக்கும் என்பது பெரும்பாலும் மனிதன் கையில் இல்லை. எத்தனை ஈற்று என்பதோ முழுவதும் அவன் கையில் இருக்கிறது. தன் கையில் இல்லாததன்மேல் ஆசை வைத்துத் தன் கையில் இருப்பதைக் கவனியாமல் விடுவதாலேயே குட்டிகள் வீணாகின்றன. இதனைச் சற்று விரித்துக் கூறுவோம்.

எண்ணிக்கை எதனால் அமைகிறது?

நார்வே நாட்டில் 224 இனங்களைச் சேர்ந்த நாய்களின் 10,810 ஈற்றுகளை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதன்படி ஓரீற்றுக்குச் சராசரி 5.4 குட்டிகள். மடியில் வைத்துக் கொஞ்சும் சிறிய இனங்களுக்கு 3.5, மிகப்பெரிய உடல்வாகுள்ள இனங்களுக்கு 7.1. உடல் பெரிதானால் குட்டிகளும் கூடுதல் என்பது இதனால் விளங்கும். நம் நாட்டு வேட்டையினங்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உடலளவு உடையவை. ஆகவே ஐந்தோ ஆறோ ஏழோ பிறந்தால் அதனை இயற்கையான அளவென்றே கொள்ளவேண்டும். உலகில் மிகப் பெரிய ஈற்றெனப் பதிவாகியிருப்பது 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நியாபொலிட்டன் மாஸ்டிஃப் என்னும் பேரினப் பெட்டை ஒன்று ஈன்ற 24 குட்டிகள். அதைக் கேட்டு வியக்கலாம், விரும்பத்தக்கதன்று. அவற்றிலும் சில பிழைக்கவில்லை.

உடலளவையன்றித் தாயின் வயதும் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. முதல் ஈற்றில் குட்டிகள் சற்றுக் குறைவாகவும், அடுத்த இரண்டு மூன்று ஈற்றுகளில் கூடுதலாகவும், தாய்க்கு வயது ஏற ஏற மீண்டும் குறைந்தும் வருவது பொது இயல்பு. முதுமையில் குட்டி குறைவதோடு, பிறப்பில் இறப்பும் மிகுகிறது.

இணைசேர்க்கும் நாளும் ஒரு காரணமாகும். பெட்டை பருவத்துக்கு வந்து இரத்தம் கசியத் தொடங்கியது முதல் ஏறத்தாழ ஒன்பது நாட்கள் கடுவனை அணுகவிடாது. அதன் பின்னரே இசையும். மற்ற கால்நடைகளைப் போலன்றி, நாயின் சினைமுட்டை வெளிப்பட்ட பின்னும் முதிர இரண்டு மூன்று நாட்கள் ஆகின்றன. ஆகவே பெட்டை இசைந்து நின்றபின் ஒருநாள் விட்டு ஒருநாள் இருமுறை சேர்ப்பது நல்லது. தூரத்து ஊர்க் கடுவனிடம் ஒரே நாள் கொண்டுபோய்த் திரும்பியவர்கள், குட்டி இரண்டே பிறந்தது என்று கடுவனின்மேல் பழிபோடுவதைக் கேட்டிருக்கிறோம். பழி பெரும்பாலும் நாட்காட்டியைச் சேர்ந்தது.

கருத்தரித்தது முதல் ஈனும் வரை ஏறத்தாழ 63 நாட்கள். சேர்த்த நாளிலிருந்து எண்ணினால் சில நாட்கள் முன்பின் ஆகலாம்.

இவற்றையெல்லாம்விட நம் நாட்டினங்களுக்கு முக்கியமான காரணம் மற்றொன்றுண்டு. அது நெருங்கிய இரத்தக் கலப்பு. தாயை மகனோடும் உடன்பிறந்தவற்றைத் தமக்குள்ளும் சேர்த்து வந்தால், தலைமுறைக்குத் தலைமுறை ஈற்று சிறுத்துவரும். பிறக்கும் குட்டிகளிலும் நலிந்தவை கூடும். இது ஆட்டுக்கிடா விஷயத்தில் நம் ஆட்டுக்காரர் நன்கறிந்த உண்மை. அதனாலன்றோ கிடாவை ஊர் மாற்றுகிறார்கள்? நாயில் மட்டும், "சுத்த இரத்தம் வெளியே போகக்கூடாது" என்று சொல்லிக்கொண்டு எதிராகச் செய்கிறார்கள். இனி, பழைய வழக்கத்தை இதனோடு சேர்த்துப் பாருங்கள். ஓர் ஊரில் ஒவ்வோர் ஈற்றிலும் பெட்டைக் குட்டிகளை ஒழித்துவிட்டால், இனத்தில் எஞ்சும் தாய்கள் மிகச் சிலவாகின்றன. புகழ்பெற்ற கடுவன் ஒன்றே அவை எல்லாவற்றுக்கும் சேருமானால், மூன்று தலைமுறைக்குள் ஊரிலுள்ள நாய் எல்லாம் ஒன்றுக்கொன்று உறவாகிவிடும். அப்பால் குட்டி சில போதும் என்று விரும்பத் தேவையில்லை. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சிலவே பிறக்கும். சிறிய ஈற்றுக்கு ஆசைப்பட்டவர்கள் இனத்தையே சிறிதாக்கிவிட்ட கதை இதுதான்.

பெட்டைக் குட்டிகள் பிறந்தால் தாயைக் குறைகூறுவதும் வழக்கத்தில் இருக்கிறது. குட்டி ஆணாவதும் பெண்ணாவதும் தகப்பனின் வித்தினால் நிச்சயிக்கப்படுவதேயன்றித் தாயினால் அன்று. பல ஈற்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதியாகவே வரும். மனிதரில் தாயைப் பழித்தது போதாதென்று நாயிலும் பழிக்க வேண்டியதில்லை.

காம்புகளும் குட்டிகளும்

பால் பற்றிய பழைய நியாயத்தில் உண்மை சிறிதும் இல்லை என்று நாம் கூறவில்லை. பெட்டை நாய்க்குப் பொதுவாகப் பத்து முலைக்காம்புகள். எட்டு உள்ளவையும் உண்டு. முன்னங்கால்களுக்கு அருகிலுள்ள காம்புகளில் பால் குறைவு; பின்பக்கத்துக் காம்புகளில் மிகுதி. வலுவுள்ள குட்டி முண்டிப் பின்காம்பைப் பிடித்துக்கொள்ளும். நலிந்தது முன்காம்பில் சப்பிச் சப்பி ஓய்ந்து ஒதுங்கிவிடும். எட்டுக்கு மேற்பட்ட ஈற்றில் ஒதுங்கும் குட்டியைக் கவனியாவிட்டால் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே இழந்துவிட நேரும். மேற்சொன்ன நார்வே ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, பிறந்த குட்டிகளுள் நூற்றுக்கு எட்டு, இறந்து பிறந்தோ முதல் வாரத்துக்குள்ளோ போயின என்று கணக்கிட்டார்கள். வைத்திய வசதியும் வெப்பமூட்டிய வீடும் உள்ள நாட்டின் கணக்கு இது.

ஆனால் மிகையான குட்டிகளுக்கு மருந்து கொலையன்று. ஜெர்மனியில் மேய்ப்பு நாய் வளர்ப்போர் சங்கத்தினரும் ஒரு காலத்தில் தாயிடம் ஆறு குட்டிகளுக்குமேல் விடலாகாதென்ற கொள்கையை உடையவர்களாகத்தான் இருந்தனர். அவர்களே மிகையான குட்டிகளை அதே சமயத்தில் ஈன்ற வேறொரு பெட்டையிடம் ஊட்டவிடும் வழியையும் கையாண்டனர். தக்க காரணமின்றி விலங்கைக் கொல்லலாகாதென்ற 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அந்நாட்டில் எண்ணிக்கைக்காகக் கொல்வதற்கு இடமில்லாது போயிற்று. வளர்ப்புத்தாய் முறை நமக்குப் புதிதா? தாயிழந்த ஆட்டுக்குட்டியின்மேல் வேறோர் ஆட்டின் பாலைத் தடவி, மோந்து பார்த்து ஏற்கும்படி செய்வது பட்டியிலுள்ள சிறுபிள்ளைக்கும் தெரியும். நாயும் மோப்பத்தாலேயே குட்டியை அறிகிறது, முறை அதுவே.

வளர்ப்புத்தாய் கிடைக்காவிடில் முறைவைத்து ஊட்டலாம். பத்துக் குட்டிகளை ஐந்தைந்தாக இரு பகுதியாக்கி, ஒரு பகுதி குடிக்கும்போது மற்றதைச் சாக்கு விரித்த கூடையில் கதகதப்பாக வைத்து, இரண்டு மூன்று மணிக்கொருமுறை மாற்றவேண்டும். பிறந்த முதல் நாளில் மட்டும் எல்லாக் குட்டிகளும் சீம்பால் குடித்தனவா என்று நேரில் நின்று பார்க்கவேண்டும். ஏனெனில் நோயைத் தடுக்கும் சக்தியைச் சீம்பாலிலிருந்து ஏற்கும் ஆற்றல் குட்டியின் குடலுக்கு ஒருநாள் அளவே நிலைத்திருக்கிறது. முதல் இரண்டு வாரம் குட்டி தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. மார்கழிக் குளிரில் தோட்டத்துக் கொட்டகையின் வெறுந்தரையில் ஈனவிட்டால், பால் குறையால் அல்ல, குளிரால் குட்டிகள் போகும்.

குட்டி நன்றாக வளர்கிறதா என்பதைக் கண்ணால் மதிப்பிடுவதைவிடத் தராசால் அறிவது மேல். நம் இனங்களையொத்த உடலளவுள்ள நாய்களில் பிறந்த குட்டி ஏறத்தாழ 300 முதல் 450 கிராம் வரை இருக்கும். நாள்தோறும் எடை ஏறிப் பத்து நாள் அளவில் இரட்டிப்பாக வேண்டும். ஒருநாள் முழுவதும் எடை ஏறாத குட்டியே முதற்கவனத்துக்குரியது. பூ நிறுக்கும் தராசே இதற்குப் போதும். நிலக்கோட்டைப் பக்கத்தில் அது இல்லாத வீடு ஏது?

கைப்பால் கொடுக்க நேர்ந்தால் பசும்பாலை மட்டும் நம்பக்கூடாது. நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தண்ணீர் கலந்த பசும்பால் வயிற்றை நிரப்பும், வளர்க்காது, கழிச்சலையும் உண்டாக்கும். கால்நடை டாக்டரைக் கேட்டு நாய்க்குட்டிக்குரிய பால்மாவைப் பெறுவதே சிறந்தது.

தாயின் ஆகாரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கம்பங்கூழும் மோரும் காவல் நாயைத் தாங்கிவிடும். பால் கொடுக்கும் நாயைத் தாங்கா. குட்டிகள் மூன்று நான்கு வாரத்தை எட்டும் சமயத்தில் தாய்க்கு வழக்கமான ஆகாரத்தைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு வேண்டியிருக்கும். எத்தனை குட்டி என்பதைப் பொறுத்தது அது. முட்டை, வேகவைத்த இறைச்சி அல்லது மீன், பருப்புச் சோறு ஆகியவற்றைப் பகலில் மூன்று நான்கு முறையாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். பத்துக் குட்டி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் இந்தச் செலவையும் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். பெரிய ஈற்றையுடைய தாய்க்குச் சில சமயம் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து திடீரெனக் குறைந்து, மூச்சிரைப்பும் நடுக்கமும் கால் விறைப்பும் கண்டு, வலிப்பில் முடிவதுண்டு. பார்த்தவுடன் குட்டிகளைப் பிரித்துத் தாயைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மந்திரிக்கப் போனால் பொழுது தப்பிவிடும். இதைத் தடுப்பதாக எண்ணிச் சினைக்காலத்தில் சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளைத் தாமாகவே கொடுப்பவர்கள் ஆபத்தைக் கூட்டவே செய்கிறார்கள்.

சிறிய ஈற்றுக்கு மட்டும் தொல்லை இல்லையென்று எண்ணவேண்டாம். வயிற்றில் ஒரே குட்டி இருந்தால், ஈனும் வேளை வந்துவிட்டது என்ற குறிப்பு தாயின் உடலுக்குப் போதிய அளவு எட்டாமல் நாள் தள்ளிப்போகலாம். குட்டியும் அளவுக்குமேல் பெருத்துத் தடைப்படலாம். அறுவைச் சிகிச்சை செய்து எடுக்க நேருவது இத்தகைய ஈற்றுகளில் மிகுதி. தனித்து வளர்ந்த குட்டியோ உடன்பிறந்தவற்றோடு கடித்து விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்வதில்லை. காவலுக்கு வைக்கும் நாய் அந்தப் பாடத்தைக் கற்காதிருப்பது வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு நல்லதன்று.

கையில் உள்ளது ஈற்றின் தொகை

பிறந்த பின் குட்டியைக் குறைக்க நியாயமான வழி ஒன்றுமில்லை. பிறக்குமுன் ஈற்றைக் குறைக்க வழியுண்டு. விற்பனைக்கு நாய் வளர்ப்போருக்காக மத்திய அரசு 2017ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் இதனையே அடிப்படையாகக் கொண்டவை. பதினெட்டு மாதம் நிரம்பாத பெட்டையையும் எட்டு வயது கடந்த பெட்டையையும் இணைசேர்க்கலாகாது. ஆண்டுக்கு ஓரீற்றுக்குமேல் கூடாது. அடுத்தடுத்த பருவங்களில் சேர்க்கலாகாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுகளுக்கு மிகலாகாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். ஓரீற்றில் இத்தனை குட்டிதான் என்று விதி எங்கும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க. சொல்லவும் முடியாது.

ஈற்றுக்கு ஆறு வீதம் ஐந்து ஈற்றுக்கு முப்பது குட்டிகள். ஒரு பெட்டைக்கு இவ்வளவு. முப்பது வீடுகள் எங்கே என்று இணைசேர்க்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டாமா? "குட்டி கொடுங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னவர்களை நம்பாமல், கடுவனா பெட்டையா எதுவாயினும் பெற்றுக்கொள்கிறோம் என்று உறுதி கூறியவர்கள் ஐந்தாறு பேர் உள்ளனரா என்று பார்த்து, பின்பே சேர்க்கவேண்டும். கன்னி நாயை விலைக்கு விற்காமல், பெட்டைக் குட்டியை உறவினருக்குக் கொடுத்து, அது ஈன்றபோது ஒரு குட்டியைத் திரும்பப் பெறும் வழக்கம் தென் மாவட்டங்களில் இருந்தது. பெட்டைக்கும் ஒரு வீடு நிச்சயமாயிருந்த நல்ல ஏற்பாடு அது. அதனை மீண்டும் கைக்கொள்வதில் குற்றமில்லை. குறையுள்ள குட்டிகளையும் இவ்வாறே நோக்கவேண்டும். முற்றிலும் வெண்ணிறத்தை விரும்பித் தேர்ந்து வந்ததனால் இராஜபாளையம் குட்டிகளில் சில காது கேளாதவையாகப் பிறக்கின்றன. அவற்றை இனப்பெருக்கத்தினின்று விலக்கினால் போதும். உயிரினின்று விலக்க வேண்டியதில்லை.

குட்டி வேண்டாதவர்கள், பருவம் வந்த பெட்டையை மூன்று வாரம் முழுவதும் அடைத்து வைக்கவேண்டும். கட்டி வைத்தால் போதாது. கட்டிய பெட்டையிடம் ஊர்க் கடுவன்கள் எல்லாம் வந்து சேரும். ஒரே ஈற்றில் வெவ்வேறு தகப்பன்களின் குட்டிகள் பிறப்பதும் நாயில் உண்டு. ஆண்டுக்கு இருமுறை இந்தப் பாடு படுவதைவிடக் கருத்தடை அறுவை செய்துவிடுவது எளிது. காவல் குறைந்துவிடும் என்ற அச்சம் வேண்டாம். பெட்டை தன் எல்லையைக் காப்பது ஈற்றினால் அன்று.

இனிப் பஞ்சாயத்தின் வேலை. வேண்டாத குட்டிகள், குறிப்பாகப் பெட்டைக் குட்டிகள், இக்காலத்தில் பெரும்பாலும் கொல்லப்படுவதில்லை. சாக்கில் கட்டிச் சந்தைப்பேட்டையிலோ நெடுஞ்சாலை ஓரத்துக் கறிக்கடைப் பக்கத்திலோ விடப்படுகின்றன. பசியால் வருந்தும் நிலையில் வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டப்படி குற்றமாகும். விடப்பட்ட பெட்டைகளுள் பிழைப்பவை ஓராண்டு ஆகுமுன்னரே தாமும் ஈனத் தொடங்குகின்றன. தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை 2023ஆம் ஆண்டின் பிராணிகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. ஊரார் வீட்டு ஈற்றின் மிகுதி ஊராட்சியின் செலவாக வந்து சேருகிறது என்பதே இதன் பொருள். ஆகவே கிராம சபை கூடும் நாட்களில் நாய்க்கடியைப் பற்றி முறையிடுவதோடு நில்லாமல், ஊரில் எத்தனை பெட்டை நாய்கள் உள்ளன, எவை கருத்தடை செய்யப்பட்டவை, எவ்வீட்டில் ஈற்று எதிர்பார்க்கப்படுகிறது என்று ஒரு பட்டியல் எடுத்துவிட்டால், கால்நடை மருந்தகத்தாரைக் கொண்டு தடுப்பூசி முகாம் நடத்துவது எளிதாகும். திண்டுக்கல்லில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. வளர்ப்போர் தம் ஐயங்களை அங்குக் கேட்டுத் தெளியலாம்.

சிறு குட்டிதானே என்று அதன் கடியையும் பிறாண்டலையும் அசட்டை செய்வது பெருந்தவறு. குட்டிக்கும் வெறிநோய் வரும். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டும்; ஊசிக்குக் கட்டணமில்லை. சுண்ணாம்பும் மிளகாயும் அப்புவது கூடாது.

குட்டியைப் பெறுவோருக்கும் கொடுப்போருக்கும் ஒரு சில சொல்லி முடிப்போம். இரண்டாம் வாரம் முதல் குடற்புழு நீக்க மருந்து தொடங்கவேண்டும். புழுக்கள் தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்துமே குட்டியை அடைகின்றன. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பார்வோ கழிச்சலுக்கும் டிஸ்டெம்பருக்கும் முதல் ஊசியும், மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசியும் போடவேண்டும். கொடுக்கும்போது ஒரு தாளில் ஈன்ற தேதி, உடன்பிறந்த குட்டிகள் எத்தனை, பிழைத்தவை எத்தனை, தாய் தகப்பன் எவ்வூர் யார் வீட்டு நாய்கள், போட்ட ஊசி, போடவேண்டிய ஊசி ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, அதன் நகல் ஒன்றைத் தாமும் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாண்டு கழித்து அக்குட்டிக்கு இணை தேடும்போது, ஒரே வயிற்றுப் பிறப்பைத் தவிர்ப்பதற்கு அந்தத் தாள் ஒன்றே சான்றாக இருக்கும்.